மாதவியின் தோல்

மாலை ஏழு பத்து. மழை அப்போதுதான் விட்டிருந்தது. செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பின்னால் தொழிற்பேட்டைக்குள் போகும் சாலை… லோரிகளெல்லாம் கிளம்பிவிட்ட நேரம். நனைந்து அழுகிய முட்டைக்கோஸ் வாடை. தூரத்தில் சூராவிலிருந்து, அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து, பாங்கு சத்தம். அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் மட்டும் உள்ளே போனது. ஓட்டியவள் பிரெண்டா.

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பண்டமாரானில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷார்மைனின் சொந்த அக்காதான் இந்தப் பிரெண்டா. ஷார்மைன் பொய் சொல்கிற ஆள் இல்லை. இதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிரெண்டாவுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. தீக்காயம் பட்டவர்களுக்காகத் தோல் வளர்க்கும் இடம். யாராவது கொடுத்த துளித் தோலிலிருந்து செல்களைப் பிரித்து, இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே இன்குபேட்டரில் வைத்திருப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் பெயர், சாப்பாடு போடுவது.

அவளுடைய கணவர் கென்னத் சிற்பி. அவருக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி மாதவி, வெளிர் மாநிறக்காரி, நோயில் இறந்துபோனாள். சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே, தீக்காயக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று கையெழுத்துப் போட்டுத் தன் தோலில் ஒரு துண்டைக் கொடுத்திருந்தாள். அது அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தது. அவள் போன பிறகும் அந்தச் செல்கள் உறைகுளிரில் உயிரோடு இருந்தன. அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தவர்தான் கென்னத். மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து காட்டியவள் பிரெண்டா. அப்படித்தான் பழக்கமானது. இரண்டு வருஷத்தில் செராஸில் சின்னதாக ஒரு வீடு.

மூன்றாவது வருஷம் கென்னத் ஒரு யோசனையோடு வந்தார். மாதவியின் செல்களை ஒரு மெல்லிய வலையில் வளர்க்க வேண்டும். உள்ளங்கை அளவுக்கு உயிருள்ள தோல். அதைச் சூடான கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியிலிருக்கும் கேலரியில் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் முகுந்தன் சரி என்றுவிட்டார். வளர்க்கும் வேலை பிரெண்டாவின் தலையில் விழுந்தது.

யோசித்துப் பாருங்கள்… சக்களத்திக்குத் தன் கையாலேயே சாப்பாடு போட வேண்டும்.

கென்னத் தினமும் சாயந்திரம் ஆய்வுக்கூடத்துக்கு வருவார். பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அவ சாப்பிட்டாளா?"

காலையிலிருந்து பிரெண்டா சாப்பிட்டாளா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

தோல் வளர்ந்தது. அதுவும் ஒரு பக்கமாக. எந்தப் பக்கம் கென்னத்தின் நாற்காலி இருக்கிறதோ, அந்தப் பக்கம் கெட்டியாக. ஒருநாள் பிரெண்டா யாருக்கும் சொல்லாமல் பெட்டியைத் திருப்பி வைத்தாள். நான்கு நாளில் தோலும் திரும்பி, மறுபடி அவர் பக்கமே போய் ஒட்டிக்கொண்டது. கூட வேலை பார்க்கும் கிஷன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்களுக்கு டயர்டா இருக்குக்கா, லீவு போடுங்க லா."

அவள் லீவு போடவில்லை. ஃபைலை எடுத்து மாதவி கையெழுத்துப் போட்ட படிவத்தை வாசித்தாள். நேராக டாக்டர் முகுந்தனின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், தீக்காயம் பட்டவங்களுக்குன்னுதான் அவங்க சைன் போட்டிருக்காங்க. ஷோவுக்கு வெக்கிறதுக்கு இல்ல."

"ஹஸ்பண்ட் சம்மதம் குடுத்திருக்காரே பிரெண்டா."

"அது அவரோட தோல் இல்லையே டாக்டர். செத்தவங்ககிட்ட திரும்பக் கேக்க முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க யாருக்காகப் பேசுறீங்க? அவங்களுக்காகவா… உங்களுக்காகவா?"

பிரெண்டா ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிறகு ஷார்மைனிடம்தான் சொன்னாளாம். "நான் சொன்னது அத்தனையும் நியாயம்டி. ஆனா அவளுக்காகச் சொல்லல."

கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்குத்தான் அந்த ஏழு பத்து.

கிஷன் ஆறு மணிக்கே போய்விட்டான். கென்னத் கேலரியில் இருந்தார். உள்ளே இன்குபேட்டரின் உறுமல் மட்டும்… பிரெண்டா ஒரு விளக்கை மட்டும் போட்டாள். உறைகுளிரில் மிச்சமிருந்த மாதவியின் மூன்று குப்பிகளையும் எடுத்து, கொதிநீராவிக் கலத்தில் போட்டு மூடினாள். அப்புறம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். தோல் லேசாக மினுமினுத்தது. உடம்புச் சூடு கையில் அடித்தது.

பிளீச்சை ஊற்றினாள்.

இளஞ்சிவப்பு மஞ்சளாகி, வெறும் தண்ணீர் மாதிரி வெளுத்தது. தோல் ஓரங்களிலிருந்து மெதுவாகச் சுருண்டது… யாரோ கையை மூடிக்கொள்வதுபோல. அப்போது ஒரு துளி தெறித்துக் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே, இடது மணிக்கட்டில் விழுந்தது. சுரீர் என்றது. அதே நேரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். சூடு பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்போமே… "ஸ்ஸ்ஸ்". 

அவள் இழுக்கவில்லை அந்த மூச்சை.

திரும்பினாள். யாரும் இல்லை. பிளீச் நாற்றமும் இல்லை. வீட்டு அலமாரியில், மாதவியின் சேலைகள் மடித்து வைத்திருக்கும் கீழ்த்தட்டு இருக்கிறதே… அதைத் திறந்தால் வரும் வாசம். அந்த அறை முழுக்க அதுதான்.

கென்னத்திடம் பூஞ்சை விழுந்துவிட்டது என்றாள். அவர் சண்டை போடவில்லை. கார் நிறுத்துமிடத்தில், திறந்த கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். பிரெண்டாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனிமேல் வீட்டில் இரண்டு பேர்தான்.

மணிக்கட்டுப் புண் ஒரு வாரத்தில் ஆறியது. தழும்பே இல்லை. பிரெண்டா நல்ல கறுப்பு. ஐந்து காசு அளவுக்கு அங்கே வந்த புதுத்தோல் மட்டும் வெளிர் மாநிறம்.

புண் ஆறிய அன்றிரவு தூக்கத்தில் கென்னத் அவள் கையைத் தேடிப் பிடித்தார். கல்யாணமான இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. பிரெண்டாவுக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாளும் பிடித்தார். அதற்கு அடுத்த நாளும். ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது… அவர் விரல் கையில் இல்லை. அந்த மாநிறத் தோலில் மட்டும் இருந்தது.

அவள் அந்த இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். தூக்கத்திலேயே அவர் முடிச்சை அவிழ்த்தார்.

மாநிறம் பரவியது. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு. உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு. கிள்ளானில் ஒரு தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, நிறம் மாறுவது சகஜம் என்று களிம்பு கொடுத்தார். கிள்ளினால் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் பிரெண்டா. ஆனால் கென்னத் அந்தக் கையைத் தொடும்போது மட்டும் ரோமம் சிலிர்க்கும். அவளுக்கு எதுவும் தெரியாது. அவர் தொடுவதுகூடத் தெரியாது. தன் கையையே அவர் கொஞ்சுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"வெட்டிப் போட்டுரலாம்போல இருக்குடி," என்று போனில் அழுதாளாம். அதைக் கேட்டுப் பயந்துபோய், போன ஈஸ்டருக்கு லீவு போட்டு ஷார்மைன் செராஸுக்குப் போய்த் தங்கினாள்.

பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தாள் ஷார்மைன். அக்காவின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. தெருவிளக்கு வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. கென்னத் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், முகத்தில் லேசான சிரிப்பு. பிரெண்டாவின் இடது கை அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது. மெதுவாக… நிதானமாக…

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்தாள் ஷார்மைன். திரும்பப் போனவள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

பிரெண்டா தூங்கவில்லை. கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. வலது கையால் தன் இடது முழங்கையைப் பிடித்து, பலம் கொண்டமட்டும் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோதிக்கொண்டே இருந்தது.

ஷார்மைனின் கால் பட்டுத் தரைப்பலகை கிரீச்சிட்டது.

கை நின்றது. கென்னத்தின் தலையை விட்டு மெல்ல எழுந்து, கதவுப் பக்கம் திரும்பியது. விரல்கள் இரண்டு தடவை அசைந்தன…

கதவைச் சாத்திவிட்டுப் போ என்று.