மீன் குடித்த மசக்கைப் பாணி

மீன் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சேர். பொரித்தாலும் பிடிக்கும், ஆணம் காய்ச்சினாலும் பிடிக்கும். மீன்களோடு எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பலாபத்வலயில், ஏ-9 வீதியோரம் இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டம் என்னுடையது. மிளகு, ஏலம், கறுவா எல்லாம் வெள்ளைக்காரருக்குக் காட்டுவதற்கு. எனக்குச் சோறு போடுவது நான் காய்ச்சிப் போத்தலில் அடைக்கும் மசக்கைப் பாணிதான். ஒரு மூடி குடித்தால் கர்ப்பிணிகளின் வாந்தி நின்றுவிடும். இஞ்சியும் தேனும் பேருக்கு. வேலை செய்வது லக்கலக் காட்டிலிருந்து வரும் ஓர் இலை. அதன் பெயரை மட்டும் கேட்காதீர்கள், தொழில் இரகசியம்.

கடைகளில் விற்பதென்றால் பரிசோதனை வேண்டும் என்றார்கள். ஆய்வுகூடத்தில் அருந்ததி என்றொரு பிள்ளை இருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படிப்பில் கெட்டி, சிரிப்பில் கஞ்சம். வரிக்குதிரை மீனின் முட்டைகளைக் கிண்ணத்தில் போட்டு, மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி, உள்ளே குஞ்சு ஒழுங்காக உருவாகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் இதயம் அடிப்பதுகூடத் தெரியும். மனிதப் பிள்ளையும் ஆரம்பத்தில் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகிறது என்று விளக்கினார். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார்.

"இது வெறுந்தண்ணியில வளந்தது, ஹாஜியார். இது உங்கட பாணியில வளந்தது. முதுகைப் பாருங்கோ."

முதுகு கொக்கிபோல வளைந்திருந்தது. இதயம் வீங்கி, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"சாப்பாட்டுக்குப் பொறகு ஒரு மூடிண்டு போத்தல்ல போட்டிருக்கு, மகள். உங்கட மீன் வெறும் வயித்துல, அதுக்குள்ளயே கெடந்து குடிச்சிருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நல்லாக் குறைச்சுக் கலந்தும் பாத்தனான். அப்பவும் இதுதான். தயவுசெய்து கர்ப்பிணிகளுக்குக் குடுக்காதேங்கோ."

வீட்டுக்கு வந்து நியாயமாக யோசித்தேன். மீனுக்கு வாந்தி வராது. வாந்தி வராத ஒன்றுக்கு வாந்தி மருந்து கொடுத்தால் கோளாறு வரத்தானே செய்யும்? ஆகவே தவறு பரிசோதனையில் இருந்தது. அதைத் திருத்தினேன். செய்முறையை மாற்றிவிட்டேன் என்று சொல்லி, கொதித்தாறிய தண்ணீரில் நிறத்துக்குக் கொஞ்சம் தேயிலைச் சாயம் விட்டு அனுப்பினேன். குஞ்சுகள் எல்லாம் துள்ளின. அருந்ததி முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அனுமதி கிடைத்தது. பழைய பாணியையே காய்ச்சி, போத்தலில் துள்ளும் மீன் படம் ஒட்டினேன். மாத்தளையில் 'மீன் பாணி' என்று கேட்டு வாங்கினார்கள். நான் கஞ்சன் அல்ல, சேர். என் வேன் டிரைவர் றம்ஸீனின் மனைவி நிஷ்மியா வாந்தியால் வாடியபோது ஒரு பெட்டியையே சும்மா தூக்கிக் கொடுத்தேன்.

"ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிக்கிறா, ஹாஜியார். ஒங்களுக்காக துஆக் கேக்குறா" என்றான் றம்ஸீன். உண்மையாகவே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் ஸ்கேன் எடுத்த டொக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பவே இல்லையாம். பிள்ளையின் முதுகைப் பற்றி ஏதோ சொன்னாராம். றம்ஸீன் வந்து என் சட்டையைப் பிடித்தான். நான் பொய் சொல்லவில்லை. முதலாளிக்கு அது அழகல்ல. உங்களிடமும் சொல்கிறேன். பரிசோதனைக்குத் தண்ணீர் அனுப்பியது நான்தான். மீனின் முதுகைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பாணியை விற்றேன், நிஷ்மியாவுக்கும் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பாணியில் எனக்கு முழு நம்பிக்கை.

என் மகள் ஸில்மியாவும் மாசமாகத்தான் இருக்கிறாள். வீடு நிறையப் பாணி இருந்தும் அவளுக்கு ஏன் ஒரு மூடிகூடக் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவளுக்கு அது முதல் பிள்ளை, சேர். அதில் போய்ப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்கிறீர்களா?