இருமுறை எண்ணப்பட்ட எறும்புகள்

அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்த அவைத் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே! (பதறாதீர்கள் ஐயா, உங்கள் பகுதி பின்னால்தான் வருகிறது.) முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்றதோடு நில்லாமல் அவர்களின் ஆய்வேட்டையும் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்த தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த புத்திசாலிகளே! தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் வருங்கால மேதைகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எண்பத்து நான்கு கட்டுரைகள் எழுதிய எங்கள் கணிதத் துறை அம்மையாரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். அவருக்கும் எனக்கும் ஒரே அறை. நடுவில் ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்கு அந்தப் பக்கம் எண்பத்து நான்கு கட்டுரை. இந்தப் பக்கம் மூன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். அதை எண்ணித்தான் எங்கள் உலகில் ஆளை எடை போடுவார்கள். என் மூன்று கட்டுரைக்கும் சேர்த்து மேற்கோள் இரண்டு. ஒன்று நானே காட்டியது. இன்னொன்று என் மைத்துனர் காட்டியது. சிரிக்கிறீர்களா? அந்த ஒன்றுக்காக அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயை நான் மூன்று முறை பழுதுபார்த்திருக்கிறேன்!

அம்மையார் எதைப் பற்றித்தான் எழுதவில்லை? புற்றின் வாயில் புகுந்து புறப்படும் எறும்புகளைப் பற்றி எழுதினார். துறைமுக வாயிலில் உறுமிக்கொண்டு நிற்கும் லாரிகளைப் பற்றி எழுதினார். மயிரிழை போன்ற ரத்தக் குழாயில் முட்டி மோதும் அணுக்களைப் பற்றி எழுதினார். நூலகத்தில் ஒரே புத்தகத்துக்குக் காத்திருக்கும் இருபது பேரைப் பற்றி எழுதினார். விளைவு? "இவர் எந்தத் துறை என்றே விளங்கவில்லை" என்று பேராசிரியர் தேர்வுக் குழு இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியது.

விதி என்ன தெரியுமா? மூன்று முறைக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. இரண்டாயிரம் மேற்கோளுக்குக் குறையவும் கூடாது. மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது அவரிடம் இருந்தது இரண்டாயிரத்து நூறு. அதில் எறும்புக் கட்டுரைக்கு மட்டுமே தொள்ளாயிரம்! ஆகவே நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அவருடைய கணவர், பல் மருத்துவர், எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"இந்தத் தடவை கிடைச்சிரும்ல சார்? ரெண்டு தடவையும் சொந்தக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி மானம் போச்சு. இப்போ எங்க அக்காகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "உங்க அக்காகிட்ட சொன்னா போதாதா? பேப்பர்ல விளம்பரம் கொடுத்த மாதிரி."

நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பேராசிரியரா? இல்லை. விஞ்ஞானியா? இல்லை. வேறோர் ஊர் மருத்துவமனையில் வெளிநோயாளிகளின் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர். எறும்புக் கட்டுரையின் கணக்கை வைத்து அங்கே வரிசையை மாற்றி அமைத்திருக்கிறார்கள். கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. அவர் எழுதியிருந்தார்: "மேடம், எங்க ஆளுங்க டாக்டரைப் பார்த்துட்டு, ரத்தம் குடுத்துட்டு, ரிசல்ட்டோட திரும்பவும் வந்து நிக்கிறாங்க. உங்க எறும்பு எதுவும் திரும்பி வராதா?"

அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி. அம்மையார் பழைய ஒளிப்பதிவுகளை வெளியே எடுத்தார். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு எறும்பு பார்த்தார். துணைக்கு நானும் பார்த்தேன்; பத்தாவது நிமிடம் என் குறட்டைச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று என்னை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் கண் சிவக்க அலமாரியைத் தட்டினார்.

"சார், வெளிய வந்த எறும்பு எட்டிப் பார்த்துட்டு உள்ள போகுது. மறுபடி வெளிய வருது. நான் அதை ரெண்டு எறும்புன்னு எண்ணியிருக்கேன். மூணுல ஒண்ணு அப்படித்தான். கணக்கே தப்பு. கட்டுரையை ஆய்விதழ்லேருந்து திரும்ப வாங்கப் போறேன்."

திரும்ப வாங்கினால் தொள்ளாயிரமும் போகும். மிஞ்சுவது ஆயிரத்து இருநூறு. கடைசி வாய்ப்பும் கைவிட்டுப் போகும். உங்கள் முன்னால் ஒளிக்காமல் சொல்கிறேன், அப்போது நான் சொன்ன யோசனையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

"மேடம், ஒரு வாரம் பொறுங்க. எறும்பு வந்து புகார் கொடுக்கப் போகுதா?"

"எறும்பு கொடுக்காது சார். சிஸ்டர் கொடுத்துட்டாங்களே. அங்க ஜனங்க நின்னுக்கிட்டு இருக்காங்க."

அன்றைக்கே திரும்ப வாங்கினார். அதோடு விட்டாரா? அந்தக் கட்டுரையை நம்பி எழுதிய அத்தனை பேருக்கும், பதினொரு துறைகளில் இருந்தவர்களுக்கும், "என் கணக்கு தப்பு, உங்கள் கணக்கையும் சரிபாருங்கள்" என்று தனித்தனியாகக் கடிதம் எழுதினார். முகவரி எழுதி எழுதி என் விரலும் வீங்கியது. ஊரில் எவராவது தம் தவற்றைத் தாமே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்களா? இவர் கொடுத்தார்!

நேர்காணல் நாள் வந்தது. நான் தற்செயலாகக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். தற்செயலாக என் காதும் கதவில் பட்டிருந்தது. உள்ளே குழுத் தலைவர், இதோ இந்த முதல்வர்தான், கேட்கிறார்:

"ஏம்மா, உங்களுக்கு இருந்ததே அந்த ஒரு பெரிய கட்டுரை. அதையும் எடுத்துட்டீங்களே?"

"தப்பா இருந்தது சார்."

"சரி, அதை விடுங்க. எறும்பு, லாரி, ரத்தம், புத்தகம்... உங்க துறைதான் என்ன?"

"இடுக்கான வாசல் சார். அதுல எது வந்து மாட்டினாலும் என் துறை."

உள்ளே ஒரு நாற்காலி நகரும் ஓசை. நான் ஓடிவிட்டேன்.

முதல்வர் என்ன செய்தார்? விதிப்படி நிராகரித்திருக்கலாம். நிராகரிக்கவில்லை. "ஒரு வருடம் முடிவை நிறுத்தி வைக்கிறோம்" என்று எழுதி, கோப்பைத் தம் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார். ஐயா, அன்று உங்களைப் பற்றி நான் ஆசிரியர் அறையில் பேசியதையெல்லாம் இந்த மேடையில் வாபஸ் வாங்குகிறேன்.

அந்த ஒரு வருடத்தில் அம்மையாரும் அந்தச் செவிலியரும் சேர்ந்து புதிய கட்டுரை எழுதினார்கள். சாரம் என்ன? புதிதாக வருபவருக்கு ஒரு வழி, திரும்பி வருபவருக்குத் தனி வழி. இவ்வளவுதான்! துறைமுகம் அதை எடுத்துக்கொண்டது: தாளை மறந்துவிட்டுத் திரும்பி வரும் லாரிக்குத் தனிப் பாதை. நூலகம் எடுத்துக்கொண்டது. ரத்த ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். தவறு என்று கடிதம் பெற்றவர்களே தேடி வந்து திருத்தத்தை எடுத்துக்காட்டினார்கள். வருட முடிவில் புதிய கட்டுரைக்கு மட்டும் ஆயிரத்து நூறு. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு! கோப்பு இழுப்பறையை விட்டு வெளியே வந்தது. எங்கள் அம்மையார் பேராசிரியர் ஆனார்! (தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள். பல் மருத்துவர் எழுந்து நின்று தட்டுகிறார், பாருங்கள்.)

அந்தச் செவிலியர் இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, நான்காம் வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். சற்று முன் அவரிடம் கேட்டேன்: "சிஸ்டர், உங்க கட்டுரைக்கு ஆயிரத்து நூறு மேற்கோள். தெரியுமா?"

"அதெல்லாம் எனக்கு எங்க சார் தெரியும்? முன்னெல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க வராந்தால நாப்பது பேர் நிப்பாங்க. கைக்குழந்தையோட நிப்பாங்க. இப்போ அந்த நேரத்துக்கு பெஞ்சு காலியா கிடக்கு."

அன்பர்களே! அந்த நாற்பது பேரும் எங்கே? வீட்டில் இருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் எங்கள் பேராசிரியரின் பெயர் தெரியாது. எந்தக் கட்டுரையிலும் அவரை எடுத்துக்காட்டப் போவதுமில்லை. எண்பத்து நான்கு கட்டுரைகளையும் ஒரு தட்டில் வையுங்கள். என்னைக் கேட்டால், மறு தட்டில் வைக்க அந்த ஒரு காலி பெஞ்சு போதும்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்க்கும், கேட்பது போல் அமர்ந்திருந்த என் மாணவர்களுக்கும் நன்றி. சிஸ்டர், மேடைக்கு வாருங்கள். பேராசிரியருக்கு மாலையை நீங்கள்தான் போட வேண்டும். வணக்கம்!