சஹனில் வைக்காத கை

ஐயா, நீங்கள் தந்த தேநீரை நான் தொடாததற்குக் குறை நினைக்கக் கூடாது. கோப்பை விளிம்பில் ஒரு கீறல் இருக்கிறது. அதற்குள் என்னவெல்லாம் குடியிருக்கும் என்று சுகாதாரப் பரிசோதகருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

என் பெயர் ஹாஷிம். கட்டுகஸ்தோட்டையில் குளியலறைச் சாமான் விற்கிறேன். நெஞ்சுக்கு நல்லதென்று டொக்டர் சொன்னதால் அலவத்துகொடப் பொடியன்மாரின் சைக்கிள் குழுவில் சேர்ந்தேன். தங்கமான பிள்ளைகள். ஆனால் ஊத்தை. முன்னால் போகிறவன் துப்புவான். காற்று அதைப் பின்னால் வரும் என்னிடம் பத்திரமாகச் சேர்ப்பிக்கும். ஒரே தண்ணீர்ப் போத்தல் எல்லார் வாய்க்கும் போய் வரும். நான் கைபிடிகளையெல்லாம் மருந்துப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தேன். சிரித்தார்கள்.

ஒவ்வொரு நீண்ட சைக்கிள் ஓட்டத்துக்கும் முந்திய மாலை உம்மு குல்சும் வீட்டில் சாப்பாடு. அவள் சமைத்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். சஹன் வைப்பாள். ஒரே தட்டில் ஆறு பேர் கை. நான் மட்டும் என் சொந்தத் தட்டும் கரண்டியும் கொண்டுபோய் ஓரமாக உட்காருவேன். குழுத் தலைவன் ரிஸ்மி விடமாட்டான்.

“ஹாஷிம் நானா, சஹன்ல கை வெச்சா கிருமி ஒங்கள முழுங்கிருமா? எங்களுக்கு ஒண்டும் ஆகலியே.”

அதுதான் ஐயா என் மனவருத்தம். உண்மையிலேயே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. இப்படியே போனால் யார் கை கழுவுவார்கள்?

கிருமி தன் வேலையைச் செய்யாதபோது யாராவது செய்துதானே ஆக வேண்டும். சென்ற சனிக்கிழமை அவள் குசினிக்குள் போய் எனக்குரிய பங்கை முதலில் எடுத்துக்கொண்டேன். உம்மு குல்சும் தண்ணீர் எடுக்கப் போன நேரம், சஹன்களுக்குப் போகவிருந்த பருப்புக் கறியில் நிலாவாரைப் பொடியைக் கலந்தேன். பேதிக்குக் குடிக்கிற நாட்டு மருந்துதான். கொஞ்சம் தாராளமாகப் போட்டேன்.

மறுநாள் பன்வில ஏற்றத்தில் பாதையோரம் முழுக்கச் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. ஓட்டியவர்கள் தேயிலைக்குள். நான் ஒருவன்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். இறங்கி ஆளுக்கொரு சவர்க்காரத் துண்டு கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் பயல்கள் சஹனைக் குற்றம் சொல்லவில்லை. சமைத்தவளைச் சொன்னார்கள். நீங்கள் வந்து குசினியைப் பூட்டினீர்கள். அவள் கையிலிருந்த கல்யாணச் சாப்பாட்டு ஓடரும் போயிற்று. அவள் என்னைத் தேடி வந்தாள்.

“நானா, சுத்தம் தெரிஞ்ச ஆள் நீங்கதான். நீங்க அண்டைக்குக் குசினிக்குள்ள வந்தீங்கதானே. ஏன்ட கையில என்ன பிழை ஈந்திச்சிண்டு சொல்லுங்க.”

அந்தக் குசினி என் கடையைவிடச் சுத்தம். அதை என்னால் சொல்ல முடியவில்லை. ஜன்னல் வலையில் கொஞ்சம் தூசி கண்டதாகச் சொன்னேன். அழுதுகொண்டே போய், வெளியிலிருந்து அந்த வலையைத் துடைத்தாளாம்.

அதைக் கேட்டபின்தான் உங்களைத் தேடி வந்தேன். ஆகவே பூட்டைத் திறந்துவிடுங்கள் ஐயா. பிழை அவளுடையதல்ல, என்னுடையது. ஆனால் ஒன்றை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பொடியைக் கலக்குமுன் இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன், கரண்டியையும் சுடுநீரில் அலசினேன். என் கையால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கிருமிகூடப் போகவில்லை.