தேற்றாத்தீவு வீட்டின் முன்கதவுப் பூட்டு

பெயர் கந்தப்போடி நல்லரத்தினம். வயது 47. வசிப்பது களுவாஞ்சிக்குடி. தொழில் பூட்டுத் திருத்துதலும் திறப்பு (சாவி) வெட்டுதலும். வீட்டை உடைத்துப் பூட்டை மாற்றியதாக என்மேல் தேற்றாத்தீவு ரதீஸ் பொலிசில் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் எதையும் உடைக்கவில்லை. பூட்டை மாற்றியது நான்தான்.

கடந்த மார்ச் 4ஆம் திகதி ரதீஸ் தொலைபேசியில் அழைத்ததன்பேரில் அவருடைய வீட்டுக்குப் போனேன். பழைய திறப்புகள் வேலை செய்யாதபடி முன்கதவுப் பூட்டின் உள்ளே இருக்கும் சின்னப் பித்தளை ஊசிகளை மாற்றச் சொன்னார். அத்தோடு, உட்பக்கம் கையால் திருகித் திறக்கும் குமிழை எடுத்துவிட்டு அங்கேயும் திறப்புத் துவாரம் வைக்கச் சொன்னார். பக்கத்தில் கண்ணாடி யன்னல் இருப்பதால் கள்ளன் கையை விட்டுத் திறப்பான் என்றார். அப்படிப் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். பின்கதவில் வெளியே ஆமைப்பூட்டுத் தொங்கியதையும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் பக்கம் வீட்டைப் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள். ஆகையால் பூட்டில் கை வைக்குமுன் வீட்டுக்காரியைக் கேட்பதும், முடிந்ததும் திறப்பை அவர் கையில் கொடுப்பதும் என் வழக்கம். ரதீஸின் மனைவி விதுர்ஷாவிடம், மாற்றலாமா என்று கேட்டேன். அவர் புருசனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்றார். வேலை முடிந்து மூன்று திறப்புகளையும் நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை, ரதீஸ் வாங்கிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வெளிக்கிட்டுவிட்டேன்.

அதன் பின்னர் 23ஆம் திகதி காலை பத்து மணியளவில் அந்த வீதியால் போகும்போது யன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று விதுர்ஷா கூப்பிட்டார். "அண்ணன், இது உள்ளுக்க இருந்து திறப்பில்லாமத் திறக்க ஏலாதா?" என்று கேட்டார். ஏலாது, அப்படித்தான் நான் செய்தேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ரதீஸ் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டி, திறப்புகளையும் மனைவியின் தொலைபேசியையும் கொண்டுபோவதாகவும், தாய் பழுகாமத்தில் சுகமில்லாமல் கிடக்க, பத்தொன்பது நாட்களாகத் தான் வாசல் தாண்டவில்லை என்றும் விதுர்ஷா கூறினார்.

அங்கேயே நின்று ரதீஸுக்கு அழைத்தேன். பூட்டுப் போட்டாயிற்றுத்தானே, இனி உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதில் பாதி என்மேல்தான். அதன் பின்னர் கடைக்குப் போய், செய்யும் ஒவ்வொரு பூட்டின் வெட்டு இலக்கத்தையும் நான் கொப்பியில் எழுதி வைப்பதால், அதைப் பார்த்து ஒரு திறப்பு வெட்டி, ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைக்கவில்லை.

விதுர்ஷா வெளியே ஓடி வருவார் என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தியிருந்தேன். அவர் அறைக்குள் போய் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். அதில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. "நான் ஏன் போகணும்? என்ட வீடு இது. பூட்ட மாத்துங்க" என்றார். மாற்றினேன். உட்பக்கக் குமிழையும் திரும்பப் போட்டேன். திறப்புகள் முழுவதையும் அவரிடமே கொடுத்தேன்.

நான் பூட்டு வேலை ஆயுதங்களைப் பைக்குள் வைக்கும்போது ரதீஸ் வந்துவிட்டார். விதுர்ஷா கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டார். இன்று மூன்றாம் நாள். ரதீஸும் அவருடைய இரண்டு சகோதரர்களும் கேற்றடியில் வழியை மறித்துக் கதிரை போட்டு இருக்கிறார்கள். நேற்று அந்த வழியால் போனபோது விதுர்ஷா யன்னலில் நின்று, அம்மாவுக்கு எப்படியாம் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதவை நான் திறந்து கொடுக்க வேண்டும் என்பது ரதீஸின் கோரிக்கை. கடைசியாக மாற்றியதன் வெட்டு இலக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் திறப்பு வெட்டித் தர மாட்டேன். கதவு இப்போது உள்ளே இருந்து கையால் திறக்கும். திறந்தும் அந்தப் பிள்ளைக்குப் பழுகாமம் போக வழியில்லை. கேற்றடியில் இருப்பவர்களை எழுப்ப என் தொழிலால் ஏலாது. அதை ஐயாமார் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது இவ்வளவும். வாசிக்கக் கேட்டேன். நடந்ததற்கு மாறாக இதில் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) க. நல்லரத்தினம்