அடிக்கிறவன் வேஷம்

— நான் கேக்கேல்லை, ஜவாஹிர். அந்த வெள்ளைக்காரி தானா வந்துதான் கேட்டவ.

— சரி தர்மராஜா, நீ கேக்கல்ல. ஆனா நாடகத்த எழுதினது நான். மாத்தளச் சந்தையிலயும் இரத்தோட்ட பஸ் ஸ்டாண்டுலயும் தொண்ட கிழியக் கத்தினது நான். அவ பாத்துட்டு ஒன்னையத்தான் லண்டனுக்குக் கூப்புடுறா.

— அங்க எங்கட நிறத்து ஆக்களை ரோட்டில மறிச்சு அடிக்கிறாங்களாம். கடைக் கண்ணாடியளை உடைக்கிறாங்களாம். அந்தத் தெருக்களிலயே அவவின்ர குழு ஆக்கள் நாடகம் போடப் போகினம். உன்ர நாடகத்தைத்தான், உன்ர பேரைச் சொல்லித்தான்.

— பேரு மட்டும் பிளேன்ல போயி என்ன செய்ய, மச்சான்? நூருன்னிஸா கேக்குறா, எழுதின ஒங்கள ஏன் கூப்புடலன்னு. பொண்டாட்டிக்கு நான் என்னத்தச் சொல்ல?

— கோவமோ?

— வயித்தெரிச்சல். இன்னைக்கு நேத்து வந்ததில்ல. நாடகத்துல நான் அடிக்கிறவன், நீ அடி வாங்குறவன். நான் கத்தக் கத்த சனம் ஒன் மொகத்தத்தான் பாத்திச்சு. சிங்களப் பொம்பளைங்க கூட அழுதாங்க. என்னைய ஒருத்தரும் பாக்கல்ல.

— நீ நல்லாத்தான் செய்தனி.

— ஆறுதல் சொல்லாத. போறதுக்கு முந்தி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. கல்லு விழுறப்ப தலையப் பொத்திக்கிட்டு மூலையில குந்துவியே, ஒடம்பே ஆடுமே, அத எங்க படிச்ச?

— படிக்கேல்லை.

— எனக்கு ஒளிக்காத மச்சான்.

— தமிழாக்களை அடிச்ச கலவரம் நடந்த அண்டைக்கு எங்கட வீட்டு அறைக்குள்ள அப்பிடித்தான் குந்தியிருந்தனான்.

— அன்னைக்கு நீ கண்டியிலன்னுதானே சொன்ன?

— வெக்கத்தில சொன்னனான். உள்ளுக்குத்தான் இருந்தன். வெளியில நிண்டவங்கள் கத்தின சொல்லுகளைத்தான் நீயும் எழுதி வச்சாய்.

— அது ஊரே கேட்ட சொல்லு. கேட்டதத்தான் எழுதினேன்.

— தெரியும். உன்னில பிழையில்லை.

— அப்ப ஒவ்வொரு தடவையும் நீ நடிக்கல்லியா?

— இல்லை. நீ கத்தத் தொடங்கினா நாடகம் எண்டதே எனக்கு மறந்துபோகும்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நிப்பாட்டியிருப்பேனே.

— அதுக்காகத்தான் சொல்லேல்லை. நாடகம் தேவை. ஆனா அங்க அடிக்கிறவன் வேஷத்தில வாறவன் ஆரோ முன்பின் தெரியாத வெள்ளைக்காரன், ஜவாஹிர். உன்ர முகத்தைப் பாத்து இனியும் பயப்பிட எனக்கு ஏலாது.