பிரகதீஸ்வரி அம்மையார் ஒதுக்கிய பலகைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவன உரிமையாளர் இராஜாங்கம் அய்யா அவர்களே, அம்மையாரின் கணவர் சிவசங்கரன் சார் அவர்களே, மகள் அம்ருதா அவர்களே, அரிசி ஆலைகளிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் பட்டறைத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் மதிவாணன். தாராசுரத்தைத் தாண்டி இருக்கும் நம் பட்டறையில் உற்பத்தியைக் கவனிப்பவன். படத்துக்கு மாலை போட்டோம். எழுந்து மௌனமாக நின்றோம். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. பகல் வேளையில் எங்கள் பட்டறையில் ரம்பச் சத்தம் நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். உடனே எழுந்து ஓடிப் பழகிய உடம்பு இது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

உறவுக்காரர்கள் பலருக்கு அம்மையார் என்ன வேலை பார்த்தார் என்பதே தெரியவில்லை. சற்று முன் ஒருவர் என்னிடம், "மரக்கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாங்களாமே?" என்று கேட்டார். இல்லை ஐயா. நம் அரிசி கப்பல் ஏறும்போது மூட்டைகளை ஒரு மரத்தட்டின் மேல் அடுக்குவார்கள். ஃபோர்க்லிஃப்ட் வண்டி அந்தத் தட்டுக்கு அடியில் கம்பிகளை நுழைத்துத் தூக்கும். அந்தத் தட்டுக்குப் பெயர் பேலட். அதைத்தான் நாங்கள் செய்கிறோம். எந்த மரம் பேலட் ஆகலாம், எது ஆகக்கூடாது என்று முடிவு செய்தவர் பிரகதீஸ்வரி அம்மையார். தாவரவியல் படித்துவிட்டு ஒரு பெண் எதற்கு மர யார்டுக்கு வர வேண்டும் என்று கேட்காதவர்கள் உண்டா? அவர் பதில் சொல்ல நின்றதில்லை. அடுத்த பலகையைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

எப்படிப் பார்ப்பார்? பலகையின் முனையைத்தான் முதலில் பார்ப்பார். வெடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று விரலால் தடவுவார். ஓரத்தில் பெரிய கணு இருந்தால் தள்ளிவிடுவார், அந்த இடத்தில்தான் முதலில் முறியும் என்பார். பட்டை ஒட்டியிருந்தால் வேண்டாம், பூச்சி அங்கே குடியிருக்கும். மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் வேண்டாம். ஈரம் பார்க்கும் கருவியைக் குத்திப் பார்ப்பார், பிறகு கட்டையால் தட்டியும் பார்ப்பார். "கருவி சொன்னது போதாதா மேடம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "கருவி குத்தின இடத்தைப் பத்தித்தான் சொல்லும் மதி, மிச்சத்தை யார் சொல்றது?" என்றார்.

இவ்வளவு கண்டிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? அதற்குக் காரணமானவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். நாகூரிலிருந்து வந்திருக்கும் ஆனந்தம் அண்ணன். துறைமுகக் கிடங்கில் சுமை ஏற்றுபவராக இருந்தவர். அம்மையார் எங்களிடம் சேர்ந்த புதிதில் நாங்கள் அனுப்பிய பேலட் ஒன்று தூக்கும்போதே முறிந்தது. மூட்டைகள் சரிந்து அண்ணன் காலில் விழுந்தன. அடிப்பலகையில் கணு இருந்திருக்கிறது. பேலட்டை யார் செய்தது, யார் ஆணி அடித்தது என்று பட்டறையில் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தோம். அம்மையார் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அங்கே என்ன நடந்தது என்பதை அண்ணனே எனக்குச் சொல்லியிருக்கிறார். கட்டில் பக்கத்தில் போய் நின்று, "அந்தப் பலகையைப் பார்த்து நல்லா இருக்குன்னு அனுப்பினது நான்தாங்க" என்றாராம். அண்ணனுக்குக் கோபம். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அம்மையார் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் இவர் திரும்பி, "நான் இனிமே சுமை தூக்க மாட்டேன். என் தம்பிமாருங்க தூக்குவானுங்க. பார்த்து அனுப்புங்க" என்றிருக்கிறார். அந்தக் கால் சரியாகவில்லை. ஆனாலும் இன்று கைத்தடியோடு பஸ் மாறி வந்திருக்கிறார். அண்ணே, உங்களுக்கு நன்றி.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அம்மையாரை எல்லோரும் எப்போதும் விரும்பினோம் என்று இந்த மேடையில் சொன்னால் அது பொய். கஜா புயல் நினைவிருக்கிறதா? பட்டுக்கோட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை மரங்கள் படுத்துக் கிடந்தன. எங்கு பார்த்தாலும் மலிவாக மரம். எங்களிடம் அப்போது பெரிய ஆர்டர் இருந்தது. அய்யா ஒரு வியாபாரியிடம் மொத்தமாகப் பேசி, லாரி லாரியாக இறக்கிவிட்டார். அம்மையார் பார்த்தார். வாரக்கணக்கில் தேங்கிய நீரில் ஊறிய மரங்கள். அறுத்தால் உள்ளே கறுப்பு ஓடியிருந்தது, நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டார்.

அலுவலக வாசலில் நடந்த பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அய்யா மன்னிக்க வேண்டும், நீங்கள் இருக்கும்போதே சொல்கிறேன். "சூடேத்துற ரூம்ல வச்சா எல்லாம் சரியாயிடும் மேடம்" என்றீர்கள். "பூச்சி சாகும் சார். இத்துப்போன மரம் பிழைக்காது" என்றார். "மரம் சரின்னு நீங்க கையெழுத்துப் போடலைன்னா போடுறதுக்கு வேற ஆள் இருக்கு" என்றீர்கள். "போடட்டும் சார். அந்த பேலட்டைத் தூக்கும்போது கீழ யார் நிக்கப் போறாங்கன்னும் சொல்லச் சொல்லுங்க."

அய்யா திரும்பி உள்ளே போய்விட்டார். மரம் வெட்டவெளியில் கிடந்தது. பட்டறை நின்றது.

யாருக்கு அடி விழுந்தது? எங்களுக்குத்தான். புயலில் கூரை போன வீடுகள், கையில் வேலையும் இல்லை. ஆணி அடிக்கும் பகுதியில் இருக்கும் தர்மாம்பாள் அம்மையாரை வழிமறித்துக் கேட்டார்: "உங்க மனசாட்சி நிம்மதியா இருக்கறதுக்கு எங்க வீட்டு அடுப்பு அணையணுமா?" தர்மாம்பாள் அக்கா, தலையைக் குனியாதீர்கள். கேட்டது நியாயம். அம்மையாரும் அப்படித்தான் நினைத்தார். "இல்ல தர்மா, அணையக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவர் யார்டுக்கு வரவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்றே நினைத்தோம். அவர் ஒரு சரக்கு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வேரோடு சாய்ந்தாலும் மேட்டில் கிடந்த மரம் கெட்டிருக்காது என்பது அவர் கணக்கு. விவசாயிகள் அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்கள். தண்ணீர் நின்ற இடத்துப் பக்கமே போகாமல், மேட்டுக் கொல்லைகளில் கிடந்த வேப்பமரத்தையும் மாமரத்தையும் மட்டும் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தார். இரண்டாவது நடையில் தர்மாம்பாள் அக்காவே ஆட்டோவில் ஏறிக்கொண்டார். சேற்றில் நடந்து நடந்து அம்மையாருக்குக் காலில் புண். சிவசங்கரன் சார் வீட்டில் திட்டியும் கேட்கவில்லை. அந்த மரம் வந்து சேர்ந்து, காய்ந்து, மறுபடி ரம்பம் ஓடியது. ஆர்டரில் பாதி கைவிட்டுப் போனது உண்மை. மீதியை அனுப்பினோம். அதில் ஒரு பலகைகூட முறிந்து வரவில்லை. அய்யா அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒதுக்கிய மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

போன வாரம் யார்டிலேயே தலை சுற்றி உட்கார்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு அவசரம் எதற்கு? யாரைக் கேட்பது?

நண்பர்களே, என் நிலைகொள்ளாமைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நேற்று ஒரு மர வியாபாரி எனக்குப் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். நல்ல வார்த்தைகள் நாலு சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாதான் இப்ப இல்லையே, இனிமே கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்ல?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். இன்று காலை அவருடைய லாரி வந்து நம் வாசலில் நிற்கிறது.

அம்மையாரிடம் வேலை கற்ற ஷமீரா ஏறிப் பார்த்துவிட்டார். பாதிக்கு மேல் வண்டு துளைத்த மரம். இறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஷமீராவின் சொல் எவ்வளவு தூரம் நிற்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஷமீராவுக்கே தெரியாது. அடுத்த வாரம் கன்டெய்னர் போக வேண்டும். யார்டில் வேறு மரம் இல்லை. தோழர்களே, லாரி திரும்பினால் நாளை நமக்கு வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் இராஜாங்கம் அய்யா, இரங்கல் கூட்டத்தில் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று நான் மட்டும் சொல்லி என்ன பயன்? ஷமீரா வேண்டாம் என்றால் அது வேண்டாம்தானா? நீங்கள் தலையசைக்கிறீர்கள். பின்வரிசைக்குத் தெரியாது அய்யா. தயவுசெய்து மைக்கில் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "ஷமீரா வேணாம்னா வேணாம். நானே போன் பண்ணி இறக்கச் சொன்னாலும் வேணாம்." எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். நன்றி அய்யா.

நாளைக்கு ரம்பம் ஓடாது. ஆகவே காலையில் மரம் தேடப் போகிறோம், வருகிறவர்கள் வரலாம். பிரகதீஸ்வரி அம்மையாருக்கு எங்களால் செய்ய முடிந்த அஞ்சலி அதுதான்.

லாரி ஓட்டி வந்த தம்பி அதோ கதவோரம் நிற்கிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தம்பி, சாப்பிடாமல் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டு, வண்டியைத் திருப்புங்கள்.