அண்ணியின் ரத்தத்தில் ஒன்றுமில்லை

எனக்குக் கைராசி உண்டு என்பார்கள், ஐயா. நான் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது. அதனால் ஆய்வகத்தின் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகும், தெரிந்தவர்களுக்கு நானே ரத்தம் எடுத்தேன்.

எங்கள் பரிசோதனை மலிவானது. புற்றுக்கட்டி தன் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் உதிர்க்கும். அறுவைக்குப் பிறகு நோய் திரும்பினால், ஸ்கேனில் தெரிவதற்கு வெகு முன்பே ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். துணுக்கு மிகக் குறைவாக இருந்தால், அது நோயா இயந்திரத்தின் பிசகா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒருவர் நான்.

அண்ணிக்குக் குடலில் கட்டி வந்து எடுத்திருந்தார்கள். முதல் தடவை சுத்தம் என்று சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றுதான் அண்ணனுக்கும் முகத்தில் உயிர் வந்தது. அடுத்த தடவை துணுக்கு தெரிந்தது. மறுபடி ரத்தம் எடுத்தேன். கூடியிருந்தது.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கமில்ல அண்ணி. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"அப்பாடா, வயித்தக் கலக்கிட்டீங்க போங்க" என்று சிரித்தார்.

பிசகு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரத்தம் சுத்தம் என்பதால் டாக்டர் ஸ்கேனைத் தள்ளிப்போட்டார். அண்ணி அந்த வயதில் நீச்சல் கற்றுக்கொண்டார். கண் மஞ்சளானபோது ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். இருக்கலாம். ஆனால் அண்ணி அதுவரை பயமில்லாமல் இருந்தார்.

அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு எப்படி மறுப்பது? ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது. பஸ் ஓட்டுநர், தையல்காரம்மா, என் மகளின் கணக்கு டீச்சர். பளிச்சென்று தெரிந்த துணுக்குகளையும் பிசகு என்றே எழுதினேன். எல்லோரும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். எண்ணிப் பார்ப்பது மரியாதையாகப் படவில்லை.

நீங்கள் என்னைக் கைது செய்து அழைத்து வந்த அன்று அண்ணன் வாசலில் நின்றார். "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?" என்றார். அது எனக்கு வலித்தது. கேட்டிருந்தால் அண்ணி பயந்திருப்பாரே, அது ஏன் அவருக்குப் புரியவில்லை?

இந்த வருடத் தொடக்கத்தில் எனக்கே ஒரு கட்டியை எடுத்தார்கள், ஐயா. என் ரத்தத்தை எங்கள் ஆய்வகத்தில் பார்க்கவில்லை. வேறிடத்துக்கு அனுப்பினேன். அங்கே உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.